குழித்தட்டு அறையின் சாவி

அத்தை அந்தச் சாவியை என்னிடம் கொடுத்தது ஒரு திங்கட்கிழமை காலையில். கத்திரி வெயில் தொடங்கி நான்கைந்து நாட்கள் ஆகியிருந்தன. ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு, ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளியில் சேர்ப்பார்களோ என்ற ஒரே கவலையோடு நான் வீட்டில் இருந்த விடுமுறைக் காலம் அது. அந்த வாரம் முடிவதற்குள் அந்தக் கவலை எனக்கு மறந்தே போயிற்று.

எங்கள் வீடு திருத்தணியில், மலைக்குப் பின்பக்கம் போகும் தெருவில் இருந்தது. முன்பக்கம் நாங்கள் குடியிருந்தோம். பின்பக்கம் ஷெட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடின. நைனாவும், கூலிக்குத் தறி ஓட்ட வரும் ஒரு அண்ணனும் காலை ஆறு மணிக்குத் தறியைப் போட்டால் இரவுச் சாப்பாடு வரை ஓடும். அந்தச் சத்தத்துக்குள்ளேயே வாழ்ந்து பழகியதால் எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. குழம்பில் உப்பு போதுமா என்று அம்மா கேட்பதே தெருவில் போகிறவர்களுக்குச் சண்டைபோலக் கேட்கும்.

வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஓர் அறை. ஒரு காலத்தில் நூல் மூட்டைகளை அடுக்கி வைக்கக் கட்டியது. சன்னல் கிடையாது. கனமான சுவர், அதைவிடக் கனமான கதவு. பூட்டு கதவிலேயே பதித்தது. உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் ஒரே சாவியால் பூட்டலாம். மேலே உத்தரத்தில், மூட்டையை நிறுக்கத் தராசு மாட்டும் இரும்புக் கொக்கி ஒன்று தொங்கியது. தெருவில் தார் இளகி ஓடும் நாளிலும் அந்த அறைக்குள் காலை வைத்தால் ஜில்லென்று இருக்கும். நைனாவின் தங்கை, என் அத்தை, நாற்று வளர்க்க அந்த அறையைத்தான் கேட்டு வாங்கியிருந்தாள்.

அத்தைக்கு அப்போது இருபத்து நான்கு வயது. எங்கேயோ ஒரு வார நாற்று வளர்ப்புப் பயிற்சிக்குப் போய் வந்தவள், திரும்பி வரும்போது கையில் பத்துக் கறுப்புப் பிளாஸ்டிக் தட்டுகளோடு வந்தாள். ஒவ்வொரு தட்டிலும் தொண்ணூற்றெட்டுக் குழிகள். தப்பு இருக்கும் என்று நான் மூன்று தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அந்தத் தட்டுகள் இரண்டு வருடத்தில் அறுபதாகப் பெருகியிருந்தன. தென்னை நார்த்தூளை நனைத்து, கையில் அள்ளிப் பிழிந்தால் சொட்டுத் தண்ணீர் வரக்கூடாது, ஆனால் கை ஈரமாக வேண்டும், அந்தப் பக்குவத்தில் குழிகளை நிரப்புவாள். சுண்டுவிரல் நுனியால் ஒவ்வொரு குழியிலும் ஒரு சின்ன அழுத்தல். அதில் ஒரே ஒரு விதை. மிளகாய் விதை மருந்து பூசி ரோஸ் நிறத்தில் மிட்டாய் மாதிரி இருக்கும். அதைத் தொட்ட கையை வாயருகே கொண்டுபோனால் முதுகில் ஓர் அடி விழும். செண்டுமல்லி விதையைப் பார்த்தால் விதை என்றே சொல்ல முடியாது. துடைப்பக் குச்சியைப் பொடியாக நறுக்கியதுபோல, பாதி கறுப்பும் பாதி வைக்கோல் நிறமுமாக இருக்கும்.

விதைத்த தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்துப் பத்தாக அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு மூடி, விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திவிடுவாள். தார்ப்பாய்க்கடியில் இருட்டிலும் வெதுவெதுப்பிலும் விதைகள் முளைவிடும். முளை தெரிந்ததும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கட்டியிருந்த பச்சை வலைக்கடியில் பரப்ப வேண்டும். ஐஸ்கிரீம் குச்சிகளில் ‘மிளகாய்’, ‘தக்காளி’, ‘செண்டுமல்லி’ என்று எழுதிச் செருகும் வேலை என்னுடையது. ‘ளி’யும் ‘ல்லி’யும் எனக்கு அந்தக் குச்சிகளில்தான் படிந்தன.

சண்டை வந்தது ஓசூரால். அங்கே பெரிய நாற்றுப் பண்ணை ஒன்றில் அத்தைக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தங்க இடமும் உண்டு. அதே நேரத்தில் வீட்டில் அவளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அம்மாவின் தம்பி, பள்ளிப்பட்டு மாமா. எனக்கு அதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் இருக்க முடியாது. எனக்குப் பிடித்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருப்பார்கள். விடுமுறைக்குப் போக ஒரே பஸ். மாமாவும் நல்லவர்தான். ஒருமுறை தட்டுகளைப் பார்த்துவிட்டு, “கல்யாணத்துக்கப்புறம் இந்த மண்ணு வேலையெல்லாம் இன்னாத்துக்கு? ஜம்முனு வீட்ல இரு” என்றார். ராணி மாதிரி வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன். அத்தை குழிகளை அழுத்திக்கொண்டிருந்தாள்.

அவள் ஓசூர்ப் பேச்சை எடுத்த அன்று நைனா தறியை நிறுத்திவிட்டு வந்து கத்தினார்.

“உனுக்கு இன்னா கொறச்சல் இங்க? ஊரு பேரு தெரியாத எடத்துல போயி பொண்ணு தனியா குந்திகினு வேல செய்யணுமா?”

அத்தையும் கத்தினாள். “அப்ப நான் இந்த ரூமுக்குள்ளியே செத்துக் கெடக்கறேன். நீ சந்தோஷமா இரு.”

எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது செத்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் கடைக்குப் போய் வந்தால் அம்மா செத்தாள். நூல் அறுந்தால் நைனா செத்தார். அத்தையும் ஒரு முறை சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

அதற்கடுத்த இரண்டு வாரம் அத்தை யாரோடும் சண்டை போடவில்லை. அம்மா எடுத்துக் காட்டிய புடவைக்கெல்லாம் தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் அவளும் முப்பது தட்டுகளில் விதை போட்டோம். இருபது தட்டு செண்டுமல்லி, பத்துத் தட்டு மிளகாய். செண்டுமல்லி திருவாலங்காட்டு விவசாயி ஒருவருக்கு. ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு ஏறும் பூக்காவடிகளுக்கு எவ்வளவு பூ வந்தாலும் போதாது. இப்போது நாற்றுவிட்டால்தான் அப்போது பூக்கும். முப்பதையும் அடுக்கித் தார்ப்பாய் போட்டோம். வழக்கமாக அடுக்கி முடித்ததும் “வா, போயி டீ குடிக்கலாம்” என்பாள். அன்று அடுக்கின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

மறுநாள் காலை நைனா தறியில் இருந்தார். அம்மா தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அத்தை தோளில் பையோடு வந்து என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனாள். கூடப் படித்த உள்ளூர்ச் சிநேகிதிக்கு அரக்கோணத்தில் கல்யாணம், அதற்குப் போய்விட்டு புதன்கிழமை சாயங்காலம் வருவதாக வீட்டில் முன்பே சொல்லிவைத்திருந்தாள். சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

“நான் வர லேட்டானா, வியாழக்கெழம சாயங்காலம் நீ கதவத் தொற. தட்டெல்லாம் வலைக்கடியில வெச்சிடு. அதுக்கு முன்னாடி யாரும் தொறக்கக் கூடாது. வெளிச்சம் பட்டுச்சினா வெதை எல்லாம் செத்துடும்.”

“நைனா கேட்டா?”

“நைனா கேட்டாலும் குடுக்காத. சாவி உன்கிட்ட கீதுன்னே சொல்லாத. மலையக் காட்டி சத்தியம் பண்ணு.”

எங்கள் கொல்லையிலிருந்து பார்த்தால் மலைமேல் கோயில் நன்றாகத் தெரியும். நான் அந்தப் பக்கம் கையை நீட்டிச் சத்தியம் செய்தேன். அத்தை என் கன்னத்தைப் பிடித்து, எப்போதும் கிள்ளுவதுபோலக் கிள்ளாமல், சும்மா வைத்திருந்தாள். பிறகு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்து போனாள். அவள் போனதைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

முன்பெல்லாம் அத்தை தினமும் கதவைத் திறந்து, தார்ப்பாயைத் தூக்கி, முளை வந்துவிட்டதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பாள். அப்போதெல்லாம் சாகாத விதை இப்போது ஏன் சாகவேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. ஒரு காரியத்தை முழுதாக நம்பி ஒப்படைத்தால் பத்து வயதில் எதையும் யோசிக்கத் தோன்றாது.

திங்கட்கிழமையே சோதனை ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை தேதி குறிக்க மாமா வீட்டார் வருவார்களே என்று அம்மா ஜமக்காளத்தைத் தேடினாள். அது அந்த அறையில் ஒரு பெட்டிமேல் இருந்தது. கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, “சாவிய எங்க வெச்சிட்டுப் போனா?” என்று என்னைக் கேட்டாள். தெரியாது என்றேன். வாழ்க்கையில் அதற்கு முன்பும் பொய் சொல்லியிருக்கிறேன். ஆனால் முகத்தைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. சாவி என் ஜாமெட்ரி பெட்டிக்குள், கவராயத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அன்றைக்கு அந்தப் பெட்டியை நான் பதினைந்து தடவையாவது திறந்து பார்த்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா அத்தைக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. கல்யாண வீட்டுச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஷெட்டில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் அந்த அறையின் வாசலில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாக அந்த வாசலை விட்டு நான் நகரவில்லை. கதவுக்கடியில் விரற்கடை அளவு இடைவெளி இருந்தது. அது வழியாக வெளிச்சம் போய்விடுமோ என்று பயந்து என் பாவாடை ஒன்றைச் சுருட்டிச் செருகி வைத்திருந்தேன்.

புதன்கிழமை காலை மாமா போன் செய்து, வெள்ளிக்கிழமைக்குப் பதில் அன்று சாயங்காலமே எல்லாரும் வருவதாகச் சொன்னார். மலைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு அன்றே தேதி குறித்துவிடலாம் என்றார். அம்மா பூவும் காய்கறியும் வாங்க மார்க்கெட்டுக்கு ஓடினாள்.

அவள் திரும்பி வந்தபோது மணி பத்தே முக்கால் தாண்டியிருக்கும். பையை நடையிலேயே போட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஷெட்டுக்குப் போனாள். தறிச் சத்தத்தில் அவள் நைனாவின் காதருகே வாயை வைத்துப் பேச வேண்டியிருந்தது. நான் பின்னாலேயே போனேன். எனக்கும் கேட்டது.

“கல்யாணம்னு சொன்னாளே, அந்தப் பொண்ணு மார்க்கெட்ல தக்காளி வாங்கிகினு நிக்குதுங்க. யாருக்குக் கல்யாணம்னு என்னையே கேக்குது.”

நைனா போனை எடுத்து அத்தைக்கு அடித்தார். காதில் வைத்துக்கொண்டே ஷெட்டிலிருந்து நடைக்கு வந்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். அந்தக் கோடையில் தினமும் பதினொரு மணிக்குக் கரண்ட் போகும். அன்று ஐந்து நிமிடம் முன்னதாகவே போனது. நான்கு தறிகளும் ஒரே நொடியில் நின்றன.

அந்த நிசப்தத்தில் குயில் கூவியது.

அத்தையின் போனுக்கு அந்தக் குயில் சத்தத்தை வைத்துக்கொடுத்தது நான்தான். சத்தம் பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. நைனா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். கதவைப் பார்த்தார். குயில் கூவி ஓய்ந்தது. அவர் மறுபடி பட்டனை அழுத்தினார். உள்ளே மறுபடி கூவியது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “ஐயோ பாவி, இன்னா பண்ணிகினியோ! உள்ள செத்துக் கெடக்கறேன்னு அன்னிக்கே சொன்னாளே!”

நைனா கதவைத் தட்டினார். அத்தையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். எனக்குத் தெரிந்து அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அன்று சின்னக் குழந்தையைக் கூப்பிடுவதுபோல, பேரைச் சுருக்கி, மெதுவாக, திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். பதில் இல்லாதபோது தோளால் கதவை மோதினார். அந்தக் கதவு ஒரு தோளுக்கு அசையாது.

“நைனா, தொறக்காத!” என்று நான் குறுக்கே போய் நின்றேன். “வெளிச்சம் பட்டா செத்துடும்!”

“இன்னாது?”

“வெதை. நாளிக்கு சாயங்காலம்தான் தொறக்கணும். அத்தை சொல்லிச்சு.”

நைனா குனிந்து என் இரண்டு தோள்களையும் பிடித்தார். “சாவி உன்கிட்டயா கீது?”

நான் கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டேன். அதுவே பதிலாகிவிட்டது.

“குடு பாப்பா. அவ உள்ள இருந்துகினு உன்ன வெளிய பூட்டச் சொன்னாளா?”

“அத்தை உள்ள இல்ல நைனா. ரயிலுக்குப் போச்சு. நான் பாத்தேன்.”

“நெசமா பாத்தியா?”

“ஆங். பை எடுத்துகினு போச்சு.”

“சாவி எங்கன்னு தெரியாதுன்னு உங்கம்மாகிட்ட சொன்னியே, அந்த மாதிரி பாத்தியா?”

சொன்ன பொய்யை நம்பியவர்கள், சொன்ன உண்மையை நம்பவில்லை. அவர் பிடியை உதறிக்கொண்டு ஓடினேன். ஜாமெட்ரி பெட்டியைத் திறந்து சாவியை எடுத்தேன். மலை நினைவுக்கு வந்தது, சத்தியம் நினைவுக்கு வந்தது. கொல்லையில் குடிநீர் பிடித்து வைக்கும் நீல டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது. சாவியை அதற்குள் போட்டுவிட்டேன். அது ஆடி ஆடி அடிக்குப் போவதைப் பார்த்தேன். பின்னாலேயே வந்த நைனா அதைப் பார்த்தார். அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தோள் வரை கையைவிட்டுத் துழாவினார். எட்டவில்லை. டிரம்மைக் கவிழ்க்கப் பார்த்தார். அசையவில்லை. தறி ஓட்டும் அண்ணனைப் பார்த்து, “கடப்பாரைய எடு” என்று கத்தினார்.

கதவை உடைக்கக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரமும் நான் அழுதுகொண்டே “தார்ப்பாயத் தூக்காதீங்க, தார்ப்பாயத் தூக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இடிக்குப் பிறகும் நைனா நிறுத்திவிட்டுக் கதவில் காதை வைத்துக் கேட்டார். பிறகு மறுபடி இடித்தார். அக்கம்பக்கத்தவர்கள் நடையில் கூடிவிட்டார்கள். யாரோ ஒரு பெண் என்னை இழுத்து முகத்தைத் தன் இடுப்போடு அழுத்திக்கொண்டாள். நான் அவளைக் கடித்துவிட்டு வெளியே வந்தேன்.

பூட்டுப் பக்கம் பலகை பிளந்து கதவு திறந்தது. வாசல் வெளிச்சம் நேராக உள்ளே விழுந்தது. நைனா முதலில் போனார், பின்னால் அந்த அண்ணன், பின்னால் அம்மா. மூன்று பேரும் தட்டுகளைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்கள். மேலே உத்தரமும் அந்தக் கொக்கியும் தவிர ஒன்றும் இல்லை. பிறகு மூலைகளைப் பார்த்தார்கள். பெட்டிக்குப் பின்னால் பார்த்தார்கள். மறுபடி ஒருமுறை மேலே பார்த்தார்கள்.

நைனாவின் கையிலிருந்து கடப்பாரை விழுந்தது. அதன் முனை பட்டு ஓர் அடுக்கு சரிந்து மேல் தட்டு ஒன்று கவிழ்ந்தது. அவர் அதன் பக்கத்திலேயே, ஈரத் தரையில் குந்தினார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் போய் அவர் முதுகில் இரண்டு கைகளாலும் குத்தினேன்.

“வெளிச்சம் பட்ருச்சு! எல்லாம் செத்துப்போச்சு! உன்னாலதான் எல்லாம் செத்துப்போச்சு!”

நைனா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். நார்த்தூள் ஒட்டிய கையால் என் முகத்தைத் துடைத்தார். “யாரும் சாவல பாப்பா” என்றார். “யாரும் சாவல. யாரும் சாவல.”

அத்தையின் போனும் ஒரு கடிதமும் நடு அடுக்கின்மேல் இருந்தன. கடிதத்தை அம்மாதான் படித்தாள். ஓசூர்ப் பண்ணையில் சேரப் போகிறேன், யாரோடும் போகவில்லை, தனியாகத்தான் போகிறேன், அண்ணன் வாங்கித் தந்த போனை அண்ணனிடமே விட்டுப்போகிறேன், மாமாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். பண்ணையின் விலாசம் இருந்தது. திருவாலங்காட்டுக்காரர் எப்போது நாற்றுக்கு வருவார் என்றும், தினம் எத்தனை தடவை தண்ணீர் தெளிக்க வேண்டும் என்றும் கடைசியில் எனக்கு நான்கு வரிகள்.

மாமா வீட்டாரை வரவேண்டாம் என்று அம்மாவே போனில் சொன்னாள். தன் தம்பியிடம் அதைச் சொல்லும்போது அவள் குரல் நன்றாகத்தான் இருந்தது. வைத்த பிறகு அடுப்படியில் போய் அழுதாள். மாமா அடுத்த தை மாதம் வேறிடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். எங்களோடு வருத்தமில்லை என்று சொன்னாலும் மூன்று வருடம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

நைனா மறுநாளே பஸ் ஏறி ஓசூருக்குப் போனார். அதற்கடுத்த நாள் தனியாகத் திரும்பினார். “நல்லாத்தான் கீறா” என்று அம்மாவிடம் சொன்னதோடு சரி. பண்ணை வாசலில் நின்று, அவள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு தட்டுகளுக்கு நடுவில் நடப்பதைப் பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பிவிட்டாராம். பல வருடங்கள் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதன்பின் வீட்டில் அத்தையின் பேச்சை எடுத்தால் நைனா எழுந்து ஷெட்டுக்குப் போய்விடுவார்.

ஆனால் அந்தப் புதன்கிழமை மத்தியானம், அழுது முடித்ததும், அவர்தான் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வலைக்கடியில் வைத்தார். அதற்கு முன் அவர் அவற்றைத் தொட்டதில்லை. கொல்லைக்கும் அறைக்குமாக அவர் நடந்தார். நான் பின்னாலேயே தேம்பிக்கொண்டு நடந்தேன். செண்டுமல்லித் தட்டுகளில் வெள்ளை வெள்ளையாக முளைகள் தலை வளைத்து நின்றன. சனிக்கிழமைக்குள் அத்தனையும் நிமிர்ந்து, இரண்டு இலை விரித்துப் பச்சையாகிவிட்டன. மிளகாய் அதற்கடுத்த வாரம் வந்தது. கவிழ்ந்த ஒரு தட்டைத் தவிர எதுவும் வீணாகவில்லை.

இப்போது எனக்கு நாற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அந்தத் தார்ப்பாய் வெக்கையில் செண்டுமல்லியை வியாழக்கிழமை சாயங்காலம் வரை அடுக்கிலேயே வைத்திருந்தால் முளைகள் வெளுத்து, நூல்மாதிரி நீண்டு, துவண்டு போயிருக்கும். மூன்று நாள்தான் அவற்றுக்குக் கணக்கு. இது அத்தைக்குத் தெரியாமல் இருக்காது. மிச்சமிருந்த ஒரு நாளை அவள் தனக்காகத்தான் கேட்டிருக்கிறாள். ஆனால் பத்து வயதில் நான் கண்டுபிடித்தது வேறு. வெளிச்சம் பட்டால் செத்துவிடும் என்று அத்தை சொன்னாள்; சாகவில்லை. யாரும் சாகவில்லை என்று நைனா சொன்னார், அதன்படியே நடந்தது. ஆக, நாற்று விஷயத்தில் அத்தையைவிட நைனாவுக்குத்தான் அதிகம் தெரியும். நான் இதைத் தெருவில் பலரிடம் சொன்னேன். கேட்டவர்கள் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் அம்மாவின் போனில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன். அத்தை.

எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் குரலைக் கேட்டதும் எங்கேயோ போய்விட்டது. சாப்பிட்டாயா, எந்தப் பள்ளியில் சேர்த்தார்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கி, “தட்டெல்லாம் இன்னா ஆச்சு பாப்பா?” என்றாள்.

“எல்லாம் வந்துச்சு அத்தே. திருவாலங்காட்டுக்காரு வந்து எடுத்துகினு போய்ட்டாரு. நைனா கதவ ஒடச்சிட்டாரு. நான் சாவிய டிரம்ல போட்டுட்டேன், குடுக்கவே இல்ல. வெளிச்சம் பட்டும் ஒண்ணும் ஆவல. நைனாக்கு மொதல்லியே தெரியும் அத்தே. மேல பாத்துட்டு, கீழ குந்திகினு, யாரும் சாவல யாரும் சாவலன்னு சொல்லிகினே அழுதாரு.”

கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“மேல பாத்தாரா?” என்று அத்தை கேட்டாள்.

“ஆங். எல்லாரும் மேலதான் பாத்தாங்க. அங்க ஒண்ணுமே இல்ல. கொக்கிதான் கீது.”

அத்தை அழும் சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறவளின் மூச்சு. ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று பயந்து, “மொளகா ஒரு தட்டு மட்டும் கவுந்துடுச்சு அத்தே, மத்ததெல்லாம் நல்லாத்தான் கீது” என்றேன்.

“நைனாகிட்ட குடு” என்றாள்.

நான் ஷெட்டுக்கு ஓடிப்போய், அத்தை என்று சொன்னால் வாங்கமாட்டார் என்பதால் ஒன்றும் சொல்லாமல் போனை நீட்டினேன். நைனா காதில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு அந்த அண்ணனைப் பார்த்துக் கையசைத்தார். தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நைனா தறியில் நெய்திருந்த துணிமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். “ஆங்” என்றார். வெகுநேரம் கழித்து, மறுபடி “ஆங்” என்றார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து புதுத் துணியில் சொட்டியது. துணியில் கறை படும் என்றுகூட அவர் பார்க்கவில்லை.

நான் வாசற்படியில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கவிழ்ந்து போன அந்த ஒரு தட்டைப் பற்றி அத்தையிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அன்று முழுவதும் எனக்கு வருத்தமாக இருந்தது.